ஓடாத கார்களைப் பார்க்க ஏன் இத்தனை கூட்டம்? அமெரிக்காவின் பழைய டிராக் ரேஸ் கதை

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டு ஊருக்கு வடக்கே உள்ள ஃபமோஸோ என்ற இடத்தில் பொழுது சாய்கிறது. ஒரு பழைய பிக்கப் வண்டி, தனக்கு முன்னால் இருக்கும் நீளமான ஒல்லியான காரை முட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த காரில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. நம்ம ஊரில் பேட்டரி போன காரை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வோமே, அதே டெக்னிக்தான். கார் வேகம் பிடித்ததும், உள்ளே இருக்கும் பெரியவர் எரிபொருள் வால்வைத் திறந்து, இக்னிஷன் ஸ்விட்சைப் போடுகிறார். இன்ஜின் ஒருமுறை இருமுகிறது. அடுத்த நொடி, இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த எக்ஸாஸ்ட் குழாய்களிலிருந்து நெருப்பு கிளம்புகிறது.

இனி ரேஸ்தானே? இல்லை. அந்த கார் எங்கேயும் ஓடப்போவதில்லை. இதே மாதிரி இன்னும் பல கார்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள் உறுமும். டேங்கில் இருக்கும் கொஞ்ச எரிபொருள் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக அடங்கும். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டும். (கண்ணீருக்கு உணர்ச்சி மட்டும் காரணம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

இதற்கு 'காக்கிள்ஃபெஸ்ட்' என்று பெயர். காக்கிள் என்றால் கொக்கரிப்பு. ஆக, கொக்கரிப்புத் திருவிழா. பழைய ரேஸர்கள் ஒன்றுகூடும் கலிஃபோர்னியா ஹாட் ராட் ரீயூனியனில் 2000-ம் ஆண்டு முதல் நடக்கிறது. நைட் ஷிஃப்ட்டில் தற்செயலாக இதன் வீடியோ ஒன்றில் மாட்டிக்கொண்டேன். 'ஓடாத ரேஸ் காரைப் பார்க்க இவ்வளவு கூட்டமா?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால் 1950-கள் வரை போக வேண்டியிருந்தது.

402 மீட்டர்தான் மொத்த ரேஸும்

ஒரு சின்ன சிக்கலை முதலிலேயே தீர்த்துவிடுவோம். இழுவை என்று பொருள்படும் டிராக்கையும், ரேஸ் நடக்கும் டிராக்கையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் 'டிராக்' என்றால் ரேஸின் பெயர். ரேஸ் நடக்கும் இடத்துக்கு 'ஸ்ட்ரிப்' என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

டிராக் ரேஸின் விதி ரொம்ப எளிமையானது. நேரான சாலை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. வளைவு கிடையாது, லேப் கிடையாது. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' முதல் படத்தில் வின் டீசல் கால் மைல் பற்றியே பேசிக்கொண்டிருப்பாரே, அந்தக் கால் மைல்தான் இது.

சீட்டில் உட்கார்ந்து பாப்கார்னைப் பிரிப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும். இன்றைய உச்சப் பிரிவான டாப் ஃபியூயல் கார்கள் மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் நியூ ஜெர்சியில் விபத்தில் இறந்த பிறகு, இந்தப் பிரிவுக்கான தூரத்தை 1,000 அடியாக, அதாவது சுமார் 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். அந்தத் தூரத்தைக் கடக்க அவற்றுக்கு நான்கு விநாடிகூடத் தேவைப்படுவதில்லை.

ஆனால் காக்கிள்ஃபெஸ்ட்டுக்கு வருகிறவர்கள் தேடி வருவது இந்த நவீன ராக்கெட்டுகளை அல்ல.

தெருவில் செத்தவர்களால் பிறந்த விளையாட்டு

இரண்டாம் உலகப்போருக்கு முன்பே தெற்கு கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். போர் முடிந்து திரும்பியவர்களில் பலருக்கு இன்ஜினைப் பிரித்து மாட்டும் வேலை ராணுவத்திலேயே பழகியிருந்தது. கையில் கொஞ்சம் காசும் இருந்தது. ஏரிப் படுகை தூரம், ஊர்த் தெரு பக்கம். விளைவு, ராத்திரி நேரத் தெரு ரேஸ்கள். சாவுகள். செய்தித்தாள்களில் 'ஹாட் ராட்' என்ற சொல்லே ரவுடி என்பதற்குப் பக்கத்தில் வந்தது.

அதே நேரத்தில் போருக்காகப் போட்ட விமான ஓடுதளங்கள் நாடெங்கும் சும்மா கிடந்தன. நேராக, அகலமாக, ஆளில்லாமல். 1950-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், விமான நிலையத்தின் ஒரு பகுதியிலேயே சி.ஜே. ஹார்ட் என்பவரும் நண்பர்களும் டிக்கெட் போட்டு டிராக் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். முறையாகத் தொழிலாக நடந்த முதல் டிராக் ஸ்ட்ரிப் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது அந்த இடம் ஜான் வெய்ன் விமான நிலையம்.

1951-ல் 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தை (என்.ஹெச்.ஆர்.ஏ) தொடங்கினார். நோக்கம் ஒன்றுதான்: தெருவில் ஓட்டுபவனை ஸ்ட்ரிப்புக்கு வரவைப்பது. சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் போட்டி 1953-ல் பொமோனாவில், கண்காட்சி மைதானத்தின் கார் பார்க்கிங்கில் நடந்தது. அதற்குத் துணை நின்றது உள்ளூர் போலீஸ் என்பதுதான் இதில் சுவாரஸ்யம். ரேஸ் ஓட்டும் பையன்களைப் பிடித்து உள்ளே வைப்பதைவிட, அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்துவிடலாம் என்று ஊர் போலீஸ் தலைவர் ரால்ஃப் பார்க்கர் நினைத்தார்.

சென்னைவாசிகளுக்கு இதைப் படிக்கும்போது சோழவரம் ஞாபகம் வரலாம். அதுவும் போர்க்கால ஓடுதளம்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளம் வருவதற்கு முன்பு, மெட்ராஸின் கார், பைக் ரேஸ்களுக்கு அதுதான் முகவரி. வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் விடமாட்டார். இன்று இருங்காட்டுக்கோட்டையில் பைக்குகளுக்கான டிராக் ரேஸ்கள் நடந்தாலும், நள்ளிரவில் சாலைகளில் ரேஸ் விடுபவர்களை போலீஸ் துரத்தும் செய்தியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. பார்க்கரின் கணக்கு இங்கே இன்னும் முழுசாகப் போடப்படவில்லை.

உண்டிவில் மாதிரி ஒரு கார்

சரி, அந்த ஒல்லியான காருக்கு வருவோம். அதன் பெயர் ஸ்லிங்ஷாட். நம்ம ஊர் உண்டிவில்தான்.

சாதாரண காரில் டிரைவர் பின்சக்கரங்களுக்கு முன்னால் உட்காருவார். ஸ்லிங்ஷாட்டில் இன்ஜினுக்குப் பின்னால், பின்சக்கரங்களின் அச்சுக்கும் பின்னால், கிட்டத்தட்ட காரின் வால் நுனியில் உட்காருவார். உண்டிவில்லில் கல்லை வைக்கிற இடம் மாதிரி. கிளம்பும்போது பின்சக்கரங்கள் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்றால் எடை பின்னால் இருக்க வேண்டும். இன்ஜினை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளி, டிரைவரை அதற்கும் பின்னால் வைத்துவிட்டார்கள். 1954-ல் மிக்கி தாம்ப்சன் கட்டிய காரைத்தான் இந்த வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள்.

இன்ஜின் பெரும்பாலும் கிரைஸ்லரின் 'ஹெமி' வி-8. 1950-களின் கடைசியில் வந்த, 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்ட 392 ஹெமிக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜரின் பூர்வீகம் இன்னும் அழகு. ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களுக்குள் காற்றை அடைக்க ஒரு புளோயர் இருக்கும். பஸ், லாரிகளில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. அந்த பஸ் புளோயரைக் கழற்றி ரேஸ் இன்ஜினின் மேல் மாட்டினார்கள். காயலான் கடைதான் இந்த விளையாட்டின் முதல் ஆய்வுக்கூடம்.

எரிபொருள்? நைட்ரோமெத்தேன். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். இதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். அதாவது இன்ஜின் இழுக்கும் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கும் மேல் எரிபொருளைக் கொட்டலாம். பெட்ரோலைவிட இதில் கிடைக்கும் ஆற்றல் கிலோவுக்குக் கிலோ குறைவுதான். ஆனாலும் அளவு இவ்வளவு கூடுவதால் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

முதலில் ஒரு கண்ணீர்க் கணக்கை பாக்கி வைத்தேன் அல்லவா? நைட்ரோ எரியும்போது புகையோடு நைட்ரிக் அமில ஆவியும் வெளியே வரும். கண் எரியும், தொண்டை கமறும். பக்கத்தில் நிற்பவர் அழாமல் இருக்க முடியாது. வயதான ரசிகர்களிடம் பழைய ரேஸைப் பற்றிக் கேட்டால் யார் ஜெயித்தார் என்பதற்கு முன்னால் இந்த வாடையைத்தான் சொல்வார்கள்.

சத்தமும் அப்படித்தான். பெட்ரோல் இன்ஜின் ஒரே சீராக உறுமும். நைட்ரோ போட்ட ஹெமி ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக வெடிப்பது காதில் விழும். தீபாவளிச் சரத்தை மெதுவாக வெடித்தால் எப்படி இருக்கும், அப்படி. கொக்கரிப்பு என்ற பெயர் அதனால்தான்.

இது ஆபத்து என்று தெரியாமலா இருந்தது? 1957-ல் என்.ஹெச்.ஆர்.ஏ தன் போட்டிகளில் நைட்ரோவைத் தடை செய்தது. 1963-ல்தான் தடையைத் தளர்த்த ஆரம்பித்தது. ஆனால் சங்கத்தின் கைக்கு எட்டாத ஸ்ட்ரிப்புகள் நிறைய இருந்தன. ஃபமோஸோ அதில் முக்கியமானது. 1959 மார்ச்சில் 'ஸ்மோக்கர்ஸ்' என்ற கார் கிளப் அங்கே நைட்ரோ கார்களுக்காகவே ஒரு பெரிய போட்டி வைத்தது. ஃப்ளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் என்பவர் வந்திருந்தார். அவர் ஊரில் பதிவான வேகங்களைக் கேட்ட கலிஃபோர்னியாக்காரர்கள், அங்கே கடிகாரம்தான் கோளாறு என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அந்த முதல் வருகையில் கார்லிட்ஸ் தோற்றுத்தான் போனார். அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்ய அதிகம் பேர் இல்லை.

கடலோரத்து லயன்ஸ்

பழைய ரசிகர்கள் கூடும் இடத்தில் ஒரு பெயர் கட்டாயம் வரும்: லயன்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வில்மிங்டன் பகுதியில் 1955-ல் திறந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். தெரு ரேஸைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பகுதியின் லயன்ஸ் கிளப்புகள் சேர்ந்து கொண்டுவந்த இடம் என்பதால் அந்தப் பெயர். முதல் மேனேஜர், நாம் மேலே பார்த்த மிக்கி தாம்ப்சன். பின்னாளில் சாண்டா ஆனாவைத் தொடங்கிய சி.ஜே. ஹார்ட்டே இதையும் நடத்தினார்.

ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் 'தி பீச்'. கடல் மட்டத்தை ஒட்டிய இடம், ராத்திரியில் குளிர்ந்த கடல் காற்று. காற்று அடர்த்தியாக இருந்தால் சிலிண்டருக்குள் ஆக்சிஜன் கூடும், சக்தியும் கூடும். அதனால் இங்கே நேரங்கள் நன்றாக வரும். சனிக்கிழமை இரவானால் மூடுபனிக்கு நடுவே நைட்ரோ தீ. இன்றைக்கு எழுபதைத் தாண்டிய பலருக்கு அப்பாவோடு போன முதல் ரேஸ் அதுதான்.

1970 மார்ச் 8 அன்று இதே லயன்ஸில் ஸ்டார்ட்டிங் லைனில் நின்றது கார்லிட்ஸின் 'ஸ்வாம்ப் ரேட் 13'. அவர் தன் கார்களுக்கெல்லாம் வைத்த பெயர் ஸ்வாம்ப் ரேட், சதுப்பு நில எலி. அதற்குள் அவர் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர். 1964-ல் மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டரைத் தாண்டியவர்.

கார் கிளம்பிய அந்தக் கணத்தில் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. ஸ்லிங்ஷாட்டில் அது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் இன்ஜின், பின்னால் டிரைவர், நடுவே கிளட்ச்சும் டிரான்ஸ்மிஷனும். டிரைவரின் கால்கள் அவற்றை ஒட்டித்தான் இருக்கும். கார் இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் பாதி போய்விட்டது. சிதறிய பாகம் பட்டு, பார்வையாளர் ஒருவரும் படுகாயம் அடைந்தார்.

இது அவருக்கு மட்டும் நடந்த துரதிர்ஷ்டம் அல்ல. கிளட்ச் வெடித்தால் இரும்புத் துண்டுகள் டிரைவரை நோக்கி வரும். இன்ஜின் வெடித்தால் கொதிக்கும் ஆயிலும் தீயும் காற்றோடு நேராக அவர் முகத்துக்கு வரும். ஸ்லிங்ஷாட்டின் அழகே அதன் ஆபத்தும். அந்தக் கால டிரைவர்களுக்கு இது தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதே கார்லிட்ஸ் இன்ஜினைப் பின்னால் கொண்டுபோவது பற்றி யோசித்தார். அவருக்கு முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். ஆனால் கார் நேராகப் போகாமல் அலைபாயும், சரிப்பட்டு வராது என்பதுதான் பொதுக் கருத்து. கார்லிட்ஸின் டீமுக்கும் முதலில் அதே தலைவலி. கடைசியில் விடை ரொம்பச் சின்னதாக இருந்தது: ஸ்டீயரிங்கை மந்தமாக்கினார்கள். சக்கரத்தைத் திருப்ப, ஸ்டீயரிங்கை முன்பைவிட அதிகமாகச் சுற்ற வேண்டும். டிரைவரின் பதற்றம் காருக்குப் போய்ச் சேருவது குறைந்தது, கார் நேராக ஓடியது.

1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸில், ஸ்வாம்ப் ரேட் 14 ஜெயித்தது. பின்பக்க இன்ஜின் கார். அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் உச்சப் போட்டிகளில் ஸ்லிங்ஷாட் கிட்டத்தட்டக் காணாமல் போனது. இன்றைய டாப் ஃபியூயல் கார்கள் எல்லாமே அந்த 14-ன் பேரப்பிள்ளைகள்தான்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இடம்தான். காக்கிள்ஃபெஸ்ட்டில் கூட்டம் எதற்காகக் கண் கலங்குகிறதோ, அது ஆளைக் கொல்கிறது என்று ஓரங்கட்டப்பட்ட கார். 'அந்தக் காலம் போல வருமா' என்கிறவர்களிடம் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் பழைய ரேஸர்களின் பேட்டிகளைப் பார்த்தால் அவர்களே இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், இறந்துபோனவர்களின் பெயர்களோடு.

அப்பா உட்கார்ந்த சீட்

மைக் சொரோக்கின் அப்படி ஒரு பெயர். 'சர்ஃபர்ஸ்' என்ற மூன்று பேர் டீமின் டிரைவர். பாப் ஸ்கின்னர், டாம் ஜோப் இருவரும் இன்ஜின் மூளைகள். பெரிய பணம் இல்லை. மற்றவர்கள் நைட்ரோவில் ஆல்கஹால் கலந்து பயந்து பயந்து ஓட்டிய காலத்தில், கிட்டத்தட்ட முழு நைட்ரோவில் ஓட்டும் அளவுக்குக் கணக்குப் போட்டவர்கள். 1966-ல் ஃபமோஸோவின் மார்ச் போட்டியில் நாட்டின் பெரிய டீம்களை எல்லாம் தாண்டி ஜெயித்தார்கள்.

அடுத்த வருடம், 1967 டிசம்பர் கடைசியில், ஆரஞ்ச் கவுன்ட்டி ஸ்ட்ரிப்பில் வேறொரு டீமின் காரை ஓட்டும்போது கிளட்ச் வெடித்து சொரோக்கின் இறந்தார். மகன் ஆடம் அப்போது சிறு குழந்தை.

ஆடமும் டிரைவர் ஆனார். ஃபமோஸோவில் அந்த மார்ச் போட்டி இப்போதும் நடக்கிறது. பழைய பாணியில், இன்ஜின் முன்னால் இருக்கும் கார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நவீனப் பாதுகாப்புக் கூண்டும் தீ தாங்கும் உடையும் கட்டாயம். 2010-ல் அந்தப் பிரிவில் ஜெயித்தவர் ஆடம் சொரோக்கின். அப்பா ஜெயித்து 44 வருடம் கழித்து, அதே ஸ்ட்ரிப்பில், அப்பாவைப் போலவே இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து.

இதை வீரம் என்பதா, வீம்பு என்பதா? எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் முகம் ஞாபகம் இல்லாத ஒருவருக்கு, அப்பா கேட்ட சத்தத்தை அப்பா கேட்ட இடத்திலிருந்தே கேட்கும் வாய்ப்பு என்று மட்டும் புரிகிறது.

கீரியும் பாம்பும் உங்கள் ஷெல்ஃபில்

ஹாட் வீல்ஸ் சேர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் இந்த வரலாற்றின் ஒரு துண்டு ஏற்கெனவே உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கலாம்.

டான் புருதோமின் பட்டப்பெயர் 'ஸ்நேக்'. அவரைத் தோற்கடிக்கக் கிளம்பிய டாம் மெக்கீவனின் பட்டப்பெயர் 'மங்கூஸ்'. நம்ம பாஷையில் கீரியும் பாம்பும். 1968-ல் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்த மேட்டல் பொம்மை நிறுவனம், 1970-ல் இவர்கள் இருவரின் கார்களுக்கும் ஸ்பான்சர் ஆனது. மஞ்சள் நிற ஸ்நேக், சிவப்பு நிற மங்கூஸ். ஆயில் கம்பெனியும் உதிரி பாகக் கம்பெனியும் மட்டுமே காசு கொடுத்துவந்த விளையாட்டில் ஒரு பொம்மைக் கம்பெனி நுழைந்தது பெரிய திருப்பம். ஸ்ட்ரிப்பையே பார்த்திராத குழந்தைகள் வீட்டுக் கூடத்தில் ஆரஞ்சு பாதை போட்டு டிராக் ரேஸ் விட்டார்கள்.

பொம்மைப் பெட்டியில் இல்லாத ஒரு விஷயம்: 1978-ல் இண்டியானாபோலிஸில் நடந்த யு.எஸ். நேஷனல்ஸ் இறுதியில் கீரியும் பாம்பும் மோதினார்கள். சில நாட்களுக்கு முன்புதான் மெக்கீவனின் மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்திருந்தான். அன்று கீரி ஜெயித்தது.

கன்டெய்னர், பீர், ஆபீஸ்

லயன்ஸின் கதை 1972-ல் முடிந்தது. நகரம் ஸ்ட்ரிப்பைச் சுற்றி வளர்ந்துவிட்டது, சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார்கள் குவிந்தன. துறைமுகத்துக்கோ சரக்கு வைக்க நிலம் வேண்டும். டிசம்பர் 2 அன்று கடைசி ரேஸ். கூட்டம் நெரிந்தது. போகும்போது ரசிகர்கள் போர்டு, பலகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகார்த்தமாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் ரயிலுக்கும் லாரிக்கும் காத்திருக்கும் கன்டெய்னர்களைத்தான் பார்க்கலாம்.

இர்வின்டேல் 1977-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பீர் தொழிற்சாலை வந்தது. சொரோக்கின் இறந்த ஆரஞ்ச் கவுன்ட்டி ஸ்ட்ரிப்பும் 1983-ல் போனது. இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில் இருந்த நிலம். அதன் விலைக்கு முன்னால் டிக்கெட் வசூல் எம்மாத்திரம்? இன்று அங்கே அலுவலகங்கள்.

இது பழைய கதை மட்டும் இல்லை. நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் ஸ்ட்ரிப்பில் 2018-ல் டிராக் ரேஸ் நின்றது. கொலராடோ மலையடிவாரத்தில் 1958 முதல் ஒரே குடும்பம் நடத்திவந்த பேண்டிமியர், 2023-ல் கடைசி சீசனை முடித்துக்கொண்டது. தெருவிலிருந்து பையன்களைக் காப்பாற்ற ஊருக்கு வெளியே போட்ட ஸ்ட்ரிப்புகளை, ஊரே வளர்ந்து வந்து மூடுகிறது. ஸ்ட்ரிப் இல்லாமல் போனால் பையன்கள் எங்கே போவார்கள் என்ற 1950-களின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

எது ஒரிஜினல்?

இடம் போய்விட்டது. காராவது இருக்கிறதா? அதுவும் சிக்கல்தான்.

ஸ்லிங்ஷாட் வழக்கொழிந்தபோது அதை யாரும் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை. இன்ஜினைக் கழற்றி அடுத்த காரில் போட்டார்கள். சட்டத்தை வெட்டினார்கள், விற்றார்கள், கொல்லையில் போட்டுத் துருப்பிடிக்க விட்டார்கள். பத்து, இருபது வருடம் கழித்து ஏக்கம் வந்தபோது பலருடைய கையில் இருந்தது வெறும் இரும்புக் குழாய்களும் சில கறுப்பு வெள்ளைப் படங்களும்தான். அதனால் இன்று காட்டப்படும் கார்களில் சில அசல் சட்டத்தைத் தேடிப் பிடித்துச் சீரமைத்தவை. சில, படத்தைப் பார்த்து அச்சு அசலாகப் புதிதாகக் கட்டியவை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பதில் ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. பெயின்ட் நிறம், ஸ்டிக்கர் ஒட்டிய இடம், எந்த சீசனில் எந்த முன்சக்கரம் என்பதுவரை வாதம் போகும். பார்க்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இவர்கள் சண்டை போடாவிட்டால் இந்த விவரங்களை நினைவில் வைத்திருக்க வேறு ஆள் கிடையாது.

ரெக்கார்டுகளும் இதே கதிதான். 200 மைலை முதலில் தாண்டியது யார்? 1964-ல் கார்லிட்ஸ் என்பதுதான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில். ஆனால் 1960-லேயே இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் ஸ்ட்ரிப்பில் 'தி கிரீக்' என்ற கிறிஸ் காரமெசீன்ஸுக்கு 204 மைல் என்று கடிகாரம் காட்டியது. அந்தக் கடிகாரத்தை நம்பலாமா கூடாதா என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. காரமெசீன்ஸ் இதற்கெல்லாம் அசரவில்லை. 80 வயதைத் தாண்டியும் டாப் ஃபியூயல் காரில் ரேஸ் ஓட்டினார்.

கார்லிட்ஸ் 1984-லேயே ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் டிராக் ரேஸுக்கென்று மியூசியம் திறந்துவிட்டார். அவருடைய ஸ்வாம்ப் ரேட் 30 வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் மியூசியத்தில் நிற்கும் கார் சத்தம் போடாது, வாடை வராது. காக்கிள்ஃபெஸ்ட்காரர்கள் எரிபொருளுக்கும் இன்ஜினுக்கும் கைக்காசைச் செலவழித்து வருடா வருடம் வருவது அதற்காகத்தான். அந்த இன்ஜினை டியூன் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். ஃபமோஸோவில் சீட்டில் தாத்தா உட்கார்ந்திருக்க, தள்ளும் வண்டியை பேரன் ஓட்டி வருவதையும் பார்க்கலாம்.

கார்லிட்ஸ் என்ன ஆனார்? 2014-ல், 82 வயதில், மீண்டும் ஒரு ஸ்வாம்ப் ரேட்டில் ஏறினார். மணிக்கு 184 மைல், அதாவது சுமார் 296 கிலோமீட்டர் வேகம். நைட்ரோ இல்லை, தீ இல்லை, கண் எரிச்சல் இல்லை, தள்ளி ஸ்டார்ட் செய்ய பிக்கப் வண்டியும் தேவைப்படவில்லை. அது எலெக்ட்ரிக் கார்.